கைக்கிளையும் ஆடுகளமும்

1. நுவல்பொருள்

கிரிக்கெட்டு ஆட்டத்தின்பால் இந்திய மக்கள் கொண்டுள்ள பெருவேட்கையும், அவ்வாட்டத்தில் வல்லாரைத் தலைவராகவும் தெய்வமாகவும் போற்றும் வழக்கமும் இக்காலத்துப் புதுமை என்றே பலரும் கருதுவர். ஆட்டம் புதிது, அயல்நாட்டினின்று வந்தது. அதனைக் கண்டு மக்கள் எய்தும் உணர்வோ புதிதன்று. ஆடுகளத்தில் வென்ற ஒருவனைக் கண்டு ஊர் ஆரவாரித்ததும், அவனுக்கு வெற்றி என்று ஒருசாராரும் அன்று என்று மற்றொருசாராரும் பிணங்கியதும், அவன்பால் ஒருத்தி நெஞ்சிழந்து நின்றதும் சங்கப் புலவர் பாடிய செய்திகளாகும். அப்பாடல்கள் எழுதற்குக் காரணமான சோழன் உறையூர்க்கு உரியவன். உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதியாக விளங்குகின்றது.

இவ்வுணர்வினைக் குறிக்கத் தமிழ் இலக்கணம் முன்னரே சில பெயர்களை வகுத்துள்ளது. அவை கைக்கிளை, பெருந்திணை, பாடாண், காஞ்சி என்பன. இப்பெயர்களைக் கொண்டு இக்கால விளையாட்டு வீரர் வழிபாட்டை ஆராயின், அதன் இன்பம் யாது, தீமை யாது, அத்தீமை எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பன தெளிவாகும். அத்தெளிவே இக்கட்டுரையின் நோக்கம்.

2. உறையூர் மற்களம்

புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களும் ஒருவனையே பற்றியன. அவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. உறையூரை ஆண்ட தித்தனின் மகனாகிய இவன், தந்தையொடு மனம் வேறுபட்டுப் பிரிந்து வறுமையுற்றிருந்தான் என்பது பாடல்களாலும் பழங்குறிப்புக்களாலும் அறியப்படும். முக்காவனாட்டு ஆமூர் மல்லனொடு பொருது அவனை வென்றது இவன் செயல். முதல் மூன்று பாடல்களைச் சாத்தந்தையாரும், பின் மூன்றனைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடினர். கோழி என்பது உறையூரின் மற்றொரு பெயர் என்பது அறிஞர் அறிந்ததே.

'போரவை' என்னும் அடைமொழி ஈண்டுக் கருதற்பாலது. தலையாலங்கானத்துச் செருவென்றவன் என்பது போர்க்களத்தாற் பெற்ற பெயர். போரவைக்கிள்ளி என்பதோ மற்போர் நிகழும் அவையால் வந்த பெயர். ஒருவனை அவன் ஆடிய களத்தால் அழைக்கும் வழக்கம் அத்துணைப் பழைமையுடையது.

சாத்தந்தையார் பாடல்கள் ஆட்டத்தைக் கண்டார் கூற்றாக அமைந்தவை. மல்லனது மார்பில் ஒரு முழந்தாள் ஊன்றியதும், மற்றொரு கால் அவன் சூழ்ச்சியைத் தடுத்துப் பின் வளைத்ததும், பசித்து மூங்கிலைத் தின்ன முயலும் யானைபோலத் தலையும் காலுமாகிய இருபாலும் முறிய மோதியதும் 80-ஆம் பாடலில் ஒவ்வோர் அசைவாகக் கூறப்படுகின்றன. இக்காலத்து வானொலி நேர்முக வருணனையை இது நினைவூட்டும். அப்புலவர் வேண்டுவது ஒன்றே: மகன்பால் அன்பு கொள்ளினும் கொள்ளாவிடினும் தித்தன் இக்காட்சியைக் காணல் வேண்டும் என்பது. 82-ஆம் பாடல் போரின் விரைவை, ஊரில் விழாத் தொடங்கிவிட, மனைவி மகப்பேற்று நிலையில் இருக்க, பொழுதும் சாய்ந்துகொண்டிருக்க, கட்டில் பின்னும் தொழிலாளி செலுத்தும் ஊசியின் விரைவோடு உவமிக்கின்றது. விழாக்கொண்ட ஊரையும் தொழில்புரிவோன் பரபரப்பையும் ஒருங்கே காட்டும் உவமை இது. 81-ஆம் பாடல் ஆரவாரம் கடலொலியினும் பெரிது என்கின்றது.

நக்கண்ணையார் பாடல்களின் நிலை வேறு. 83-ஆம் பாடலில் வளை கழல்கின்றமையின் தாயை அஞ்சுகின்றாள். அவனைத் தழுவ விரும்பியும் அவையினரை நாணுகின்றாள். ஒருபாற்படாது இருபாற்பட்டு மயங்கும் இவ்வூரும் தன்னைப்போல் நடுக்கமுறுக என்கின்றாள். 84-இல், அவன் புற்கை உண்டும் பெருந்தோள் உடையனாயிருக்க, தான் புறத்தே இருந்தும் பசலை பூத்தமையைக் கூறுகின்றாள். 85-இல், அவனுக்கு இஃது ஊரும் அன்று, நாடும் அன்று. ஆதலின் வெற்றி என்பார் ஒருசாரார், அன்று என்பார் ஒருசாரார். தானோ சிலம்பொலிக்க ஓடித் தன் மனைக்கண் நின்ற பனையைச் சார்ந்து நின்று அவன் வென்றமையைக் கண்டதாகக் கூறுகின்றாள். இப்பாடலில் 'ஆடு' என்பது வெற்றியைக் குறிக்கும்.

இம்மூன்றும் கைக்கிளைத் திணையாகவும் பழிச்சுதல் துறையாகவும் வகுக்கப்பட்டுள்ளன. பழிச்சுதல் என்பது போற்றுதல். ஒருதலைக் காமமும் போற்றுதலும் ஒருங்கியைந்த இவ்வமைப்பே நம் ஆய்வுக்கு அடிப்படையாகும்.

3. கைக்கிளையின் இயல்பு

கைக்கிளையை இழிந்ததாகக் கருதுவார் உளர். தொல்காப்பியர் எழுதிணையை முறைப்படுத்துங்கால் கைக்கிளையை முதலாகவும் பெருந்திணையை இறுதியாகவும் வைத்தார். மறுமொழி பெறாத நிலையிலும் தானே சொல்லிச் சொல்லி இன்புறுதலைக் கைக்கிளைக் குறிப்பாக அவர் காட்டுகின்றார். அது துன்பமன்று, ஒருவகை இன்பமே. எதிரிலுள்ளார் அறியார், விடை தாரார் என்பது தெரிந்தும் பேசுகின்ற இன்பம் அது.

விளையாட்டு வீரரைப் போற்றுவாரது இன்பமும் இத்தகையதே. நாற்பதினாயிரவர் நடுவில் இருந்து ஒருவன் தலைவன் பெயரைக் கூவுகின்றான். தலைவன் அவன் முகத்தை அறியான். தொலைக்காட்சிப் பெட்டியை நோக்கி அறிவுரை கூறுகின்றான். அது களத்தை எட்டாது. எட்டாமை அவன் இன்பத்தைக் குறைப்பதில்லை. பச்சைமலை அடிவாரத்து ஊர்கள் முதல் திருவரங்கத் தெருக்கள் வரை, அறுவடை முடிந்த நிலத்திலும் கோயில் மதிலோரத்திலும் ஆடும் சிறுவர் தம்மை ஒரு புகழ்பெற்ற ஆட்டக்காரர் பெயரால் அழைத்துக்கொள்வதும் இவ்வின்பத்தின் ஒரு கூறேயாம்.

தமிழகத்தில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மகேந்திரசிங் தோனி ஆவார். சார்கண்டு மாநிலத்து இராஞ்சியிற் பிறந்த அவரை, இந்தியப் பிரிமியர் லீக்கு தொடங்கிய 2008-ஆம் ஆண்டு ஏலத்தில் சென்னை அணி 15 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு எடுத்தது. அவ்வாண்டு ஏலத்தில் மிக்க விலை அதுவே. சென்னை அணி 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளில் வாகை சூடியது. தமிழ் மக்கள் அவரைத் 'தல' என்றனர். தலை என்னும் சொல்லின் பேச்சுவடிவமாகிய இது, முன்னரே ஒரு திரைப்பட நடிகர்க்கு வழங்கிய பெயர். பின்னர் ஆட்டக்காரர்க்கும் உரித்தாயிற்று. அவர்க்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றப்பட்ட சுரேசு ரைனா 'சின்ன தல' எனப்பட்டார்.

நக்கண்ணையார் பாடலோடு இதனை ஒப்பிடுக. ஊர் அன்று, நாடு அன்று என்பது ஆண்டு மக்கள் பிணங்குதற்குக் காரணமாயிற்று. சேப்பாக்கத்திலோ ஊரும் நாடும் மொழியும் வேறாகிய ஒருவரை மக்கள் தம்மவராகவே கொண்டனர். தமிழில் அவர் பேசும் இரண்டொரு சொற்களுக்கு எழும் ஆரவாரம் ஆறு ஓட்டத்திற்கு எழுவதனினும் குறைந்ததன்று. பிறந்த நிலத்தை நோக்காது ஆற்றலை நோக்கி ஒருவனைத் தமராகக் கொள்ளுதல் கைக்கிளையின் நற்கூறு எனலாம்.

இந்நற்கூறு மேலும் விரிந்து மாற்றானையும் தழுவும். 1999 சனவரித் திங்களில் சேப்பாக்கத்தில் நிகழ்ந்த இந்திய–பாகித்தான் டெசுட்டு ஆட்டத்தில் இந்தியாவுக்கு 271 ஓட்டங்கள் இலக்காயிருந்தன. சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் இந்திய அணி 258-க்கு ஆட்டமிழந்து 12 ஓட்டங்களில் தோற்றது. அரங்கிலிருந்த மக்கள் எழுந்து நின்று பாகித்தான் அணியினரை வாழ்த்த, அவ்வணியினர் களத்தை வலம் வந்தனர். தோல்வியின் துயரிலும் ஆற்றலைப் பழிச்சிய அச்செயல் சேப்பாக்கத்தின் பெரும்புகழாக இன்றும் பேசப்படுகின்றது.

4. கைக்கிளை பெருந்திணையாதல்

பெருந்திணைக்கு உரியவற்றுள் மிக்க காமத்து மிடலும் ஒன்று. அன்பு அளவிறந்து அறிவை வெல்லும் நிலை அது. வீரர் வழிபாட்டிலும் இந்நிலை உண்டு.

1996 மார்ச்சு 13-இல் கல்கத்தா ஈடன் தோட்ட அரங்கில் உலகக் கோப்பை அரையிறுதி ஆட்டம் நிகழ்ந்தது. இலங்கையின் 251 ஓட்டங்களை எதிர்த்தாடிய இந்தியா 8 விக்கெட்டுகளை இழந்து 120 ஓட்டங்களில் நின்றபோது, மக்கள் புட்டிகளை எறிந்தும் இருக்கைகளுக்குத் தீவைத்தும் வெகுண்டனர். ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. 2007-இல் உலகக் கோப்பையில் வங்காளதேசத்திடம் இந்தியா தோற்றபொழுது, இராஞ்சியில் கட்டப்பட்டுவந்த தோனியின் இல்லம் தாக்கப்பட்டது. பின்னர்ப் பல்லாயிரவரால் போற்றப்பட்ட அவரே அன்று சொந்த ஊரில் இகழப்பட்டார். அளவிறந்த போற்றுதலும் அளவிறந்த இகழ்தலும் ஒரே ஊற்றினின்று எழுவன என்பதற்கு இது சான்று.

2018 ஏப்பிரலில் தமிழகத்தில் நிகழ்ந்தது வேறொரு முரண். காவிரி நீர்ப்பங்கீடு பற்றி உச்சநீதிமன்றம் அவ்வாண்டு பிப்பிரவரி 16-இல் தீர்ப்பளித்துத் தமிழ்நாட்டிற்கு 177.25 ஆயிரம் மில்லியன் கனஅடி என வரையறுத்தது. தீர்ப்பைச் செயற்படுத்தும் அமைப்பு உரிய காலத்தில் அமையாமையால் கிளர்ச்சி எழுந்தது. இரண்டு ஆண்டுகள் தடையுற்றிருந்த சென்னை அணி மீண்டு வந்து சேப்பாக்கத்தில் ஆடிய முதல் ஆட்டம் ஏப்பிரல் 10-இல் நிகழ்ந்தது. நீருக்காக நாடு வருந்தும்போது களியாட்டம் தகுமோ என்று வெளியே போராட்டம். உள்ளே களத்தில் காலணி வீசப்பட்டது. எஞ்சிய சென்னை ஆட்டங்கள் பூனாவுக்கு மாற்றப்பட்டன. அன்பர் பலர் தனிப் புகைவண்டியில் பூனாவரை சென்று தம் அணியைக் கண்டனர். திருவரங்கத்தை இருபுறமும் தழுவி ஓடும் காவிரியின் கரையில் இருந்து நோக்குவார்க்கு இரு வேட்கையின் வன்மையும் விளங்கும். நீர் வேண்டியோரும் ஆட்டம் வேண்டியோரும் இருவேறு மக்களல்லர். ஒருவர் நெஞ்சிலேயே இரண்டும் இருந்தன. அதனாற்றான் அந்நிகழ்ச்சி அத்துணைக் கசப்புடையதாயிற்று.

இவ்வெல்லையின் கடைக்கோடி 2025-இல் காணப்பட்டது. பதினேழு ஆண்டுகள் கோப்பை பெறாதிருந்த பெங்களூர் அணி சூன் 3-இல் வாகை சூடியது. மறுநாள் தம் வீரரைக் காணப் பெங்களூர்ச் சின்னசாமி அரங்கின் வாயில்களில் அளவிறந்த மக்கள் திரண்டனர். நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். போர் இல்லை, பகை இல்லை, தோல்வியும் இல்லை. வென்ற தலைவனைக் கண்ணாற் காண வேண்டும் என்னும் வேட்கையோடு வந்தவர்கள் அவர்கள். கூட்டத்தை நெறிப்படுத்தத் தவறியோர் பொறுப்பினை இவ்வேட்கை குறைக்காது. ஆயினும் வேட்கையின் அளவையும் நாம் எண்ணாதிருத்தல் ஆகாது.

தொல்காப்பியர் பெருந்திணைக்குப் புறனாகக் காஞ்சியை வைத்தார். காஞ்சி நிலையாமையைக் கூறுவது. அளவிறந்த வேட்கையின் மறுபுறம் நிலையாமை என்னும் அவ்வைப்புமுறையின் ஆழம், அவ்வாயிலில் கிடந்த காலணிகளின் படத்தைக் கண்டோர்க்கு உரையின்றியே விளங்கியிருக்கும்.

5. கைக்கிளை பாடாணாதல்

அவ்வாசிரியரே கைக்கிளைக்குப் புறனாகப் பாடாணை வைத்தார். பாடுவோன் பரிசிலையும் பாடப்படுவோன் புகழையும் விரும்புதலின், இருவர் வேட்கையும் ஒன்றாகாது ஒருதலைப்பட்டு நிற்கும்; அவ்வொப்புமை பற்றியே கைக்கிளைக்குப் பாடாண் புறனாயிற்று என்னும் கருத்துப்பட உரையாசிரியர் விளக்குவர். ஆயினும் பாடாணில் ஒரு வேறுபாடு உண்டு. ஒருதலையாக நிற்கும் இரு வேட்கைகளையும் கொடை என்பது இணைக்கின்றது. தலைவன் கொடுக்கின்றான், புலவன் பாடுகின்றான். கொடையில்லையேல் பாடாண் வெறும் கைக்கிளையாகவே நின்றொழியும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பெருமிதம் பிறக்கும் நிலைக்களங்களைக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்காகக் கூறினார். இந்நான்கனையும் இக்கால வீரர்க்குப் பொருத்திக் காண்போம். பயிற்சியால் வந்த ஆட்டத்திறன் கல்வியின்பாற்படும். மணிக்குத் தொண்ணூறு கல் விரைவில் வரும் பந்தின்முன் அஞ்சாது நிற்றல் தறுகண். இசைமைக்குக் குறைவில்லை. நான்காவதாகிய கொடை யாண்டையது என்பதே வினா. பண்டு பொருள் தலைவனிடமிருந்து பாடுவோர்பாற் சென்றது. இன்று அது போற்றுவோரிடமிருந்து தலைவனை நோக்கிச் செல்கின்றது. நுழைவுச்சீட்டு, அணியின் மேலாடை, விளம்பரப் பொருள் ஆகிய வழிகளிலெல்லாம் கொடுப்போர் மக்களே. 2023 முதல் 2027 வரையுள்ள ஐந்தாண்டுகட்கு இந்தியப் பிரிமியர் லீக்கு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி உருபாவுக்கு விற்கப்பட்டது. இப்பொருள் இறுதியில் காண்போர் கண்களுக்காகக் கொடுக்கப்பட்ட விலையே. பரிசிலன் கொடுக்க வள்ளல் பெறும் இம்மாறுபாடு நம் இலக்கியம் அறியாதது.

பச்சைமலைக்கு மேற்கே, துறையூர்ப் பள்ளத்தாக்கிற்கு அப்பால் நிற்பது கொல்லிமலை. அதன் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் 152-ஆம் புறப்பாட்டில் பாடினார். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தனையும் துளைத்தது என்னும் அச்செய்தி விற்றிறனின் எல்லை. ஆயினும் பாடல் அத்திறனோடு முடியவில்லை. இன்னான் என்றறியாது பாணர் பாடினர். தலைமை தோன்றும் சொல்லைக் கேட்டு அவன் நாணினான். பின்னர் ஊனும் தேறலும் தன் மலையிற் பிறந்த பொன்னும் மணிக்குவையும் ஈந்தான். திறன், நாணம், கொடை ஆகிய மூன்றும் இவ்வரிசையில் அமைந்தமையாலன்றோ அவன் வள்ளல் எழுவருள் ஒருவனானான். போரவைக் கிள்ளியைப் பாடிய சாத்தந்தையாரும் 81-ஆம் பாடலில் அவனைக் 'கவிகை மள்ளன்' என்றார். கவிகை என்பதற்குக் கொடுத்தற்குக் கவிந்த கை என்று பொருள் கொள்வர். மல்லில் வென்ற கை கொடுக்கும் கையாகவும் இருத்தல் வேண்டும் என்பது சான்றோர் எதிர்பார்ப்பு.

இக்காலத்தும் அவ்வெதிர்பார்ப்பு முற்றும் பொய்யாகவில்லை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் எளிய குடும்பத்திற் பிறந்த பந்து வீச்சாளர் நடராசன் 2020-ஆம் ஆண்டு இறுதியில் ஆத்திரேலியாவில் இந்திய அணிக்காக ஆடத் தொடங்கி, 2021 சனவரியில் பிரிசுபேன் நகர டெசுட்டிலும் இடம்பெற்றார். அவர் ஊர் திரும்பியபோது மக்கள் குதிரை பூட்டிய தேரில் அவரை ஏற்றித் தெருவழியே உலாக்கொண்டு சென்றனர். விக்கிரமன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய சோழர் மூவர்க்கும் ஒட்டக்கூத்தர் பாடிய உலாக்களில், தேரிலோ யானையிலோ வரும் தலைவனைக் கண்டு எழுபருவ மகளிரும் நெஞ்சழிவர். உலாவும் கைக்கிளையின் விரிவே. சின்னப்பம்பட்டி மக்கள் இலக்கணம் கற்றிலர்; ஆயினும் அவர்கள் எடுத்தது இலக்கண நெறிப்பட்ட உலாவே. அவ்வுலா கொடையில் நிறைவுற்றது. அவர் தம் ஊரில் அமைத்த கிரிக்கெட்டுத் திடல் 2023 சூனில் திறக்கப்பட்டது. ஊர் கொடுத்த இசைக்கு அவர் கொடுத்த பரிசில் அஃது. இங்குக் கைக்கிளை பாடாண் ஆயிற்று.

6. விளையாட்டும் போரும்

ஐயனாரிதனார் தம் புறப்பொருள் வெண்பாமாலையின் இறுதிப் பகுதியில் மல்வென்றி, கோழிவென்றி, தகர்வென்றி, சூதுவென்றி, ஆடல்வென்றி, பாடல்வென்றி முதலியவற்றைத் தொகுத்துரைத்தார். வெட்சி முதலாய போர்த்திணைகளில் அவற்றைக் கலவாது தனியே வைத்தமை நுண்ணிது. விளையாட்டின் வெற்றியும் வெற்றியே, பாடுதற்குரியதே. ஆயினும் அது போர்வெற்றியன்று. ஊர் ஆனிரையை மீட்டு உயிர்விட்டோனுக்கே நடுகல் உரியது. காட்சி முதல் வாழ்த்து ஈறாகத் தொல்காப்பியர் கூறும் நிலைகள் அவனுக்கே வகுக்கப்பட்டன. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்கள் இவ்வழக்கின் தொன்மையைக் காட்டும்.

இவ்வேறுபாட்டை மறத்தலே இக்காலத்துப் பிழைகளுக்கு வேராகும். நாட்டுப் பெயரால் நிகழும் ஆட்டத்தைப் போராகவே கருதும்போது தோற்றவன் துரோகியாகின்றான், வென்றவன் தெய்வமாகின்றான். இரண்டும் மனிதனுக்கு ஏற்ற நிலையல்ல. 2016-இல் தொடங்கிய தமிழ்நாட்டுப் பிரிமியர் லீக்கில் திருச்சி அணி இப்பொழுது சோழர் பெயரைத் தாங்கியுள்ளது. சோழன் ஒருவன் களத்தில் நின்று பொருத ஊருக்கு அப்பெயர் பொருந்துவதே. அப்பெயரோடு உறையூர்ப் பாடல்கள் உணர்த்தும் அளவும் உடன்வருதல் நன்று.

7. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஆடுகளத்து வீரனைப் போற்றுதல் தமிழர்க்குப் பழைய உணர்வு. அதன் இயல்பு கைக்கிளை. கைக்கிளை அளவோடு நிற்கும்வரை இன்பம் பயக்கும். மாற்றானையும் மதிக்கச் செய்யும். அளவிறப்பின் பெருந்திணையாகி நிலையாமையில் முடியும். தலைவனிடத்துக் கொடையும் நாணமும் தோன்றின் அது பாடாணாக உயரும். எவ்வழிச் செல்வது என்பது போற்றுவோரையும் போற்றப்படுவோரையும் ஒருங்கே பொறுத்தது.

ஆய்வு மாணவர்க்கு ஈண்டு ஒரு பணி உளது. சுவரொட்டிகளிலும் பதாகைகளிலும் அரங்க முழக்கங்களிலும் வீரரைப் போற்றி எழும் தமிழ்த் தொடர்கள் நாள்தோறும் தோன்றி மறைகின்றன. அவற்றைத் தொகுத்து, அடைமொழி அமைப்பு, உவமை, விளிமுறை ஆகியவற்றைப் பழைய பாடாண் துறைகளொடு ஒப்புநோக்கின், திணைக்கோட்பாடு ஏட்டளவில் நின்றதன்று, மக்கள் நாவிலும் வாழ்கின்றது என்பது புலனாகும். நக்கண்ணையார் பனையடியில் நின்று கண்ட களம் இன்று இல்லை. அவர் உணர்ந்த நடுக்கம் இன்றும் உண்டு. அந்நடுக்கத்தை அறிந்து அளந்து கூறும் பொறுப்பு இலக்கியம் பயில்வோருக்கு உரியது.